ஊசி முனைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

சி.டி. ஸ்கேன் பார்த்துச் செய்யும் சிகிச்சைகள்: பலன் என்ன, கதிர்வீச்சு எவ்வளவு?

“ஏனுங்க டாக்டரு, எல்லாருமே வெளிய போயிட்டீங்கன்னா என்னைய ஆரு பாத்துக்குவா?”

சி.டி. மேஜையில் குப்புறப் படுத்திருந்த சித்தப்பா, தலையைத் திருப்ப முடியாமல் கேட்டார். முதுகில் வலப்பக்கம், பிளாஸ்திரியில் வரிசையாகப் பதித்த மெல்லிய கம்பிகளை ஒட்டியிருந்தார்கள். எந்தக் கம்பிக்கு நேரே குத்த வேண்டும் என்பதை அவை படத்தில் காட்டும்.

“கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தாங்க நிப்போம். மைக்குல பேசிட்டே இருப்பேன். நீங்க அசையாம மட்டும் இருங்க” என்றார் டாக்டர். கனமான கதவு சாத்திக்கொண்டது. இயந்திரத்திலிருந்து பதிவு செய்த பெண் குரல் வந்தது: ‘மூச்சை உள்ளே இழுங்கள்... அடக்குங்கள்.’

சித்தப்பாவுக்கு 61 வயது. விசைத்தறிச் சத்தத்தில் நாற்பது வருடம் ஓடிவிட்டது. பீடியை விட்டு மூன்று வருடம்தான் ஆகிறது. விடாத இருமலுக்கு எடுத்த எக்ஸ்-ரேயில் ஒரு நிழல் தெரிந்தது. சி.டி. எடுத்தபோது, வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் இரண்டு சென்டிமீட்டர் கட்டி. காசநோயாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு ஆறு மாத மாத்திரை. மற்றதற்கு அறுவை சிகிச்சை, கீமோ என்று வேறு பாதை. “படத்தைப் பாத்து நான் ஊகம்தான் சொல்ல முடியும். முடிவு சொல்ல சதை வேணும்” என்றார் டாக்டர்.

அனுமதி வாங்கிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்த முக்கால் மணி நேரத்தில் கதவு ஏழு முறை சாத்திக்கொண்டது. ஏழு முறையும் டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் எல்லோரும் வெளியே வந்தார்கள். சித்தப்பா மட்டும் உள்ளே. அவர் கேட்ட கேள்விக்கு நேரான பதில் தேடிப் போனதில் எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

தட்டைப் படத்திலிருந்து வெட்டுப் படத்துக்கு

எக்ஸ்-ரே என்பது நிழல். நெஞ்சுக்கூட்டில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். கட்டி இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு ஆழத்தில், எந்த ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் என்று தெரியாது. இந்தக் குறையைத் தீர்த்தவர், இசைத்தட்டுகளுக்குப் பேர்போன இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் உள்ள ஆட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது அவருடைய இயந்திரம். அதற்குத் தேவையான கணக்கைச் சில ஆண்டுகளுக்கு முன்பே போட்டு வைத்திருந்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மக். இருவருக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வெட்டிவைத்த வாழைத்தண்டைப் போல உடலைக் குறுக்குவாட்டில் பார்க்க முடிந்ததும், அடுத்த யோசனை தானாக வந்தது: பார்க்க முடிகிற இடத்துக்கு ஊசியைக் கொண்டுபோக முடியாதா? 1976-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ஜான் ஹாகாவும் ரால்ஃப் அல்ஃபிடியும் சி.டி. படத்தின் துணையோடு பயாப்ஸி, அதாவது சோதனைக்குச் சதைத் துணுக்கு, எடுக்கும் முறையை எழுதி வெளியிட்டார்கள். இன்று பயாப்ஸியோடு அது நிற்கவில்லை. சீழ் வடிப்பது, கட்டியைச் சுட்டுப் பொசுக்குவது, வலி நரம்பை மரக்கச் செய்வது வரை வந்துவிட்டது.

கத்தி செய்ததை ஊசி செய்கிறது

பலன் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பலன் இல்லாத சிகிச்சைக்குத் துளிக் கதிர்வீச்சும் வீண்.

நுரையீரல் பயாப்ஸி: சி.டி. பார்த்து எடுக்கும் பயாப்ஸி நூற்றுக்குச் சுமார் தொண்ணூறு பேருக்குச் சரியான விடை தருகிறது. கட்டி ஒரு சென்டிமீட்டருக்கும் சிறியதாக இருந்தால் அந்த விகிதம் குறையும். இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. ‘புற்றுநோய் செல்கள் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் ‘புற்றுநோயே இல்லை’ என்று அர்த்தமாகிவிடாது. ஊசி ஓரத்தில் பட்டு, நடுவை விட்டிருக்கலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.

பக்கவிளைவில் முதலிடம், நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வதற்கு. டயரில் ஆணி ஏறியதுபோல, ஊசி போன வழியில் காற்று கசியும். அமெரிக்காவில் நான்கு மாநிலங்களில் 15,865 பேரின் பதிவுகளை வைத்து 2011-இல் வெளியான ஆய்வில், நூற்றில் 15 பேருக்கு இப்படிக் காற்று சேர்ந்திருந்தது. குழாய் போடும் அளவுக்குப் போனவர்கள் நூற்றில் ஆறேழு பேர். மற்றவர்களுக்குத் தானாகவே அடங்கியது. பயாப்ஸி முடிந்ததும் குத்திய பக்கம் கீழே இருக்குமாறு படுக்க வைப்பதும், சில மணி நேரம் கழித்து ஒரு எக்ஸ்-ரே எடுப்பதும் இதற்காகத்தான்.

வயிற்றுக்குள் சீழ்: குடல்வால் வெடித்தோ, கணையம் வீங்கியோ ஆழத்தில் சீழ் கட்டினால் முன்பெல்லாம் வயிற்றைத் திறந்தாக வேண்டும். இப்போது பல நேரங்களில் ஊசி, ஊசி வழியாக ஒரு கம்பி, கம்பி மேல் ஒரு குழாய், அவ்வளவுதான். குழாயின் நுனி பன்றிவால்போலச் சுருண்டுகொள்வதால் நழுவாது. மருத்துவமனைப் பேச்சில் அதற்கு ‘பிக்டெயில்’ என்றே பெயர். கம்பி மேல் குழாயை ஏற்றும் இந்த நுட்பத்தை 1953-இல் ரத்தக்குழாய்களுக்காகக் கொடுத்தவர் ஸ்வீடனின் செல்டிங்கர்.

எலும்பு: பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் தொடை எலும்பிலோ கால் எலும்பிலோ வரும் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற சின்னஞ்சிறு கட்டி, புற்றுநோய் அல்ல. ஆனால் இரவில் தூங்கவிடாமல் குடையும். இதற்காக எலும்பையே வெட்டி எடுத்த காலம் உண்டு. 1992-இல் பாஸ்டனில் டேனியல் ரோசந்தாலின் குழு, சி.டி. பார்த்து ஊசியை அந்த மையத்துக்குள் இறக்கி, ரேடியோ அலையின் சூட்டால் பொசுக்கும் வழியைக் காட்டியது. சுமார் 90 டிகிரி சூடு, சில நிமிடங்கள். பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வலி போய்விடுகிறது. தழும்பு என்று பார்த்தால் ஒரு புள்ளி.

‘குத்தினா பரவிடுமாமே?’

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. சித்தி இரண்டு நாள் சம்மதிக்கவே இல்லை. “சும்மா இருக்கறத எதுக்குக் குத்திக் கெளப்போணும்?” என்றார்.

ஊசி போன தடத்தில் புற்றுநோய் செல்கள் தங்குவது உண்மையிலேயே நடக்கக்கூடியது. நுரையீரலில் அது மிக மிக அரிது. கல்லீரலில் கொஞ்சம் கூடுதல் என்பதால்தான், படத்திலேயே அடையாளம் தெளிவாகத் தெரியும் கல்லீரல் புற்றுநோய்க்குப் பயாப்ஸி எடுக்காமலே சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். தசை, எலும்புப் புற்றுநோய் என்று சந்தேகித்தால், பின்னால் அறுவை செய்யப்போகும் டாக்டரைக் கேட்டுத்தான் ஊசியின் பாதையை முடிவு செய்ய வேண்டும். அந்தத் தடத்தையும் சேர்த்து அவர் வெட்டி எடுப்பார். பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. அதை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்பதற்கும் மருத்துவத்தில் பதில் இருக்கிறது.

கதிர் கணக்கு

அடுத்த பயம் கதிர்வீச்சு. இதை மில்லிசீவர்ட் என்ற அளவில் எண்ணுகிறார்கள். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மூச்சுக் காற்றிலிருந்தும் உலகில் ஒருவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டேதான் இருக்கிறது. நெஞ்சு எக்ஸ்-ரே ஒன்று 0.1-ஐத் தாண்டாது. வழக்கமான நெஞ்சு சி.டி. 6, 7 வரை போகும், வயிற்று சி.டி. 8, 10 வரை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும், கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையிலும் தோரியம் கலந்த மோனசைட் தாது இருப்பதால் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அதிகம். கருநாகப்பள்ளியில் சுமார் 70 ஆயிரம் பேரைப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் இதைக் காட்டி ‘சி.டி. எத்தனை எடுத்தாலும் ஒன்றும் ஆகாது’ என்று சொல்லிவிட முடியாது. அங்கே வருடம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வருவது, இங்கே சில நொடிகளில் வந்து இறங்குகிறது.

குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல் என்பதற்குச் சான்று உண்டு. பிரிட்டனில் சிறு வயதில் சி.டி. எடுத்துக்கொண்டவர்களைத் தொடர்ந்து 2012-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு, எலும்பு மஜ்ஜையில் சேர்ந்த அளவு 50 மில்லிகிரேயை (ஓர் உறுப்பு உள்வாங்கும் கதிரை எண்ணும் அளவு) எட்டும்போது ரத்தப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது என்றது. மூன்று மடங்கு என்று கேட்டால் திக்கென்று இருக்கும். அதே ஆய்வு சொன்ன இன்னொரு கணக்கு: பத்து வயதுக்குட்பட்ட பத்தாயிரம் குழந்தைகளுக்குத் தலை சி.டி. எடுத்தால், அடுத்த பத்தாண்டில் கூடுதலாக ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வரலாம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மையின் அளவு புரியும்.

பெரியவர்களுக்கு? 10 மில்லிசீவர்ட் வாங்கும் 2,000 பேரில் ஒருவருக்கு உயிர்கொல்லும் புற்றுநோய் கூடுதலாக வரக்கூடும் என்பது பாதுகாப்புக்காகப் போட்டு வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. வயது ஏற ஏற அந்த வாய்ப்பு குறையும், ஏனென்றால் கதிர்வீச்சால் வரும் புற்றுநோய் தலைகாட்டப் பல ஆண்டுகள் ஆகும். சித்தப்பாவுக்கு முன்னால் இருந்தது இருபது வருடம் கழித்து வரக்கூடிய ஆபத்து அல்ல. இரண்டு சென்டிமீட்டரில் உள்ளே உட்கார்ந்திருந்த கட்டி.

அழகான படம் எதற்கு?

ஒரு இடத்தில்தான் நோயாளியின் தலைவிதி இயந்திரத்தின் கையிலிருந்து மனிதர் கைக்கு மாறுகிறது. நோயைக் கண்டுபிடிக்க எடுக்கும் சி.டி. வேறு, ஊசிக்கு வழி காட்ட எடுக்கும் சி.டி. வேறு. முதலாவதில் சின்ன மாற்றமும் தெரிய வேண்டும், படம் பளிச்சென்று இருக்க வேண்டும். இரண்டாவதில் கட்டி எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும். உலோக ஊசி எந்த மங்கல் படத்திலும் வெள்ளைக் கோடாகத் தெரியும். மின்சாரம் போன இரவில் தீப்பெட்டி தேட டார்ச் போதும். ஆனால் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு முறையும் ஸ்டேடியம் விளக்கைப் போட்டால்?

காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் இயந்திரம் கொடுக்கும் அளவை, படம் எடுத்த நீளத்தால் பெருக்கினால் டி.எல்.பி. என்ற எண் வரும். நெஞ்சுப் பகுதிக்கு அதை 0.014-ஆல் பெருக்கினால் தோராயமாக மில்லிசீவர்ட்.

முதல் டாக்டர் வழக்கமான அமைப்பையே வைத்துக்கொள்கிறார்: அளவு 10. திட்டமிட நெஞ்சு முழுக்க 30 சென்டிமீட்டர் எடுக்கிறார். ஊசி எங்கே போகிறது என்று பார்க்க ஐந்து முறை, முறைக்கு 10 சென்டிமீட்டர். கடைசியில் மீண்டும் நெஞ்சு முழுக்க. கூட்டினால் 1,100, அதாவது சுமார் 15 மில்லிசீவர்ட்.

இரண்டாவது டாக்டர், பழைய சி.டி. கையில் இருப்பதால், கட்டியைச் சுற்றி 8 சென்டிமீட்டர் மட்டும், அளவு 3. பார்ப்பது ஐந்து முறைதான். முறைக்கு 3 சென்டிமீட்டர். கடைசியில் காற்று கசிந்திருக்கிறதா என்று பார்க்க 15 சென்டிமீட்டர், அளவு 2. கூட்டினால் 99, சுமார் 1.4 மில்லிசீவர்ட்.

முதலாவது, ஆறு ஆண்டு இயற்கைக் கதிர்வீச்சைத் தாண்டும். இரண்டாவது ஏழு மாதம். இயந்திரமும் ஊசியும் கட்டியும் ஒன்றுதான். கன்சோலில் உட்கார்ந்தவர் பொத்தானை அழுத்துமுன் அரை நிமிடம் யோசித்தாரா என்பதுதான் இடையில் இருக்கும் பதினொரு மடங்கு வித்தியாசம். எண்கள் கணக்குக்காக எடுத்தவை என்றாலும், திசை சரியானதே: குறைந்த அளவில் எடுத்தால் பலன் கெடாமல் கதிர்வீச்சைப் பாதிக்கும் கீழே இறக்கலாம் என்று பல ஆய்வுகள் சொல்லிவிட்டன.

இதைவிடப் பெரிய சிக்கனம், சி.டி.யே வேண்டாம் என்பது. கல்லீரல் சீழ், கழுத்துக் கட்டி, நெஞ்சுச் சுவரை ஒட்டிய கட்டி இவற்றுக்கெல்லாம் அல்ட்ராசவுண்ட் போதும். அதில் கதிர்வீச்சே கிடையாது. காற்றையும் எலும்பையும் தாண்டி அல்ட்ராசவுண்ட் பார்க்காது என்பதால், நுரையீரலின் ஆழத்துக்கும் எலும்புக்குள்ளும் போகத்தான் சி.டி. தேவைப்படுகிறது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

டாக்டர் வெளியே வந்து நின்றபோது, ஈய அங்கிக்குள் சட்டையில் குத்தியிருந்த சிறு அட்டையைக் காட்டினார். டி.எல்.டி. பேட்ஜ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால், அவர் மேல் பட்ட கதிர்வீச்சு எவ்வளவு என்று கணக்கு வந்துவிடும். இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, கதிர்வீச்சில் வேலை செய்பவருக்கு ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது.

“உங்க சித்தப்பாவுக்கு இன்னைக்கு ஒரு நாள். எனக்கு வாரத்துல ஆறு நாள், இன்னும் இருபது வருஷம். அதான் ஓடி வர்றோம்” என்றார்.

ஓடி வர முடியாத முறையும் உண்டு. தொண்ணூறுகளில் ஜப்பானில் கதாடாவின் குழு கொண்டுவந்த சி.டி. ஃப்ளோரோஸ்கோபியில், ஊசி நகர்வதை நேரடியாகத் திரையில் பார்க்கலாம். மூச்சில் அசையும் கட்டிகளுக்கு அது பெரிய வசதி. ஆனால் டாக்டர் அறைக்குள்ளேயே நிற்க வேண்டும். நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர் அவர் மேல் படும். ஊசி பிடித்த விரல்களுக்கு ஆபத்து அதிகம். அதனால், தொடர்ந்து பார்க்காமல் ஊசியைக் கொஞ்சம் நகர்த்தி, கையை எடுத்துவிட்டு, ஒரே ஒரு வெட்டு பார்த்துச் சரிசெய்யும் வழக்கம் வந்தது. தூரமும் உதவும்: ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்குப் பின்வாங்கினால் அவர் மேல் படுவது கால் பங்காகிவிடும்.

நோயாளி பின்வாங்க முடியாது. மேஜை நகராமல் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தால், மொத்தமும் ஒரே கீற்றுத் தோலில் சேரும். ஊசி சிகிச்சை அல்ல என்றாலும், லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது இதற்குப் பாடம். அங்கே ஒரு மருத்துவமனையில், பக்கவாத நோயாளிகளின் மூளை ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சி.டி. அமைப்பை யாரோ மாற்றிவைத்தார்கள். 2008 முதல் 2009 வரை பதினெட்டு மாதம், இருநூறு பேருக்கு மேல் எட்டு மடங்கு கதிர்வீச்சு வாங்கினார்கள். அளவு திரையில் ஒவ்வொரு முறையும் வந்துகொண்டுதான் இருந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை. கொத்துக் கொத்தாக முடி கொட்டிய ஒருவர் வந்து கேட்ட பிறகுதான் விஷயம் வெளிவந்தது. 2010-இல் கலிஃபோர்னியா, சி.டி. அளவைப் பதிவு செய்வதைச் சட்டமாக்கியது.

நோயாளிக்கு ஆண்டு உச்சவரம்பு எதையும் விதி வைக்கவில்லை. அதற்கு நியாயமான காரணம் உண்டு: உயிர் காக்க இன்னொரு படம் வேண்டுமென்றால், எண்ணைக் காட்டித் தடுக்கக்கூடாது. வரம்பு இல்லாத இடத்தில் இரண்டே கேள்விகள்தான் காவல். இது தேவையா? தேவைக்கு மேல் போகிறதா? டாக்டர் மேல் படுவதை எண்ண ஒரு பேட்ஜ் இருக்கிறது. நோயாளியின் சட்டையில் எதுவும் இல்லை.

நோயாளி மேல் படும் கதிரைக் குறைக்கும் முயற்சியில் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னையின் பெர்ஃபிண்ட் ஹெல்த்கேர் நிறுவனம் உருவாக்கிய ரோபியோ, மாக்ஸியோ என்ற ரோபோ கைகள், திட்டமிட எடுத்த சி.டி.யில் டாக்டர் குறிக்கும் பாதைக்கு ஏற்ற கோணத்தில் ஊசிப்பிடியைக் கொண்டுவந்து நிறுத்தும். ஊசியை இறக்குவது டாக்டர்தான். கோணம் முதல் முறையே சரியாக அமைந்தால், திருத்தித் திருத்திப் பார்ப்பது குறையும். பார்ப்பது குறைந்தால் கதிரும் குறையும்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்

• இதை அல்ட்ராசவுண்ட் பார்த்துச் செய்ய முடியாதா?

• ரிப்போர்ட் வந்தால் சிகிச்சை மாறுமா? எப்படியும் ஒரே சிகிச்சைதான் என்றால், பயாப்ஸி எதற்கு?

• பழைய சி.டி. படங்களைக் கொண்டுவந்திருக்கிறேன், மறுபடி முழுசாக எடுக்க வேண்டுமா? (பழைய படங்களைத் தூக்கி எறியாதீர்கள்.)

• ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். எப்போது நிறுத்த வேண்டும்? (நீங்களாக நிறுத்தாதீர்கள்.)

• கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், அவர்கள் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

• முடிந்ததும் ‘டோஸ் ரிப்போர்ட்’ பக்கம் கிடைக்குமா?

ஏழு கதவுகள்

ஐந்தாவது முறை பார்த்தபோது ஊசியின் நுனி கட்டிக்குள் இருந்தது. ‘டக்’ என்று ஒரு சத்தம். வெளியே வந்தது ஒரு சேமியாத் துண்டளவு வெளுத்த சதை. மூன்று முறை எடுத்தார். இரண்டு துண்டு ஃபார்மலின் பாட்டிலுக்குப் போயின. மூன்றாவதை மட்டும் சலைன் பாட்டிலில் போட்டார். “எல்லாத்தையும் ஃபார்மலின்ல போட்டா கிருமி செத்துரும். அப்புறம் டி.பி. கிருமிய வளத்துப் பாக்க முடியாது, மறுபடி குத்தோணும்” என்றார். மறுபடி குத்துவதென்றால் மறுபடி ஏழு கதவு.

ஆறாம் நாள் ரிப்போர்ட் வந்தது. காசநோய். சலைன் பாட்டில் துண்டிலும் கிருமியின் அடையாளம் கிடைத்திருந்தது. சித்தி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டதைச் சொல்லி அழுதார். ஆறு மாத மாத்திரையை அன்றே தொடங்கினோம்.

படங்கள் இருந்த வட்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கடைசிப் படத்தில் உடம்பு இல்லை; வெறும் அட்டவணை. ஏழு வரிகள், ஏழு கதவுகள். கீழே மொத்த டி.எல்.பி.: 142. செல்போனில் 0.014-ஆல் பெருக்கினேன். ஏறக்குறைய 2 மில்லிசீவர்ட்.

“என்ன கண்ணு அது?” என்றார் சித்தப்பா.

“நீங்க தனியா உள்ள கெடந்தீங்களே, அந்தக் கணக்கு. தறிக்குடோன்லயும் ஊட்லயும் சும்மா இருந்தாலே பத்து மாசத்துல வர்ற அளவுதான் சித்தப்பா.”

அவர் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து எண்ணினார். “அப்ப வெளிய நின்னவங்க எனக்கும் சேத்துத்தான் கணக்குப் பாத்திருக்காங்க” என்றார்.